மறு: டெக்னீசியம் ஜெனரேட்டர் – ‘கறவை’ என்று வைக்கலாமா?

அன்புள்ள குழுவினருக்கு,

> ‘மின்னாக்கி’ பாடநூலில் பழகிய சொல்தானே, அதையே வைத்துக்கொள்ளலாமே?

பழகியதுதான். ஆனால் நம் கலைச்சொல் தொகுப்பில் பெயர் தேடும் இந்த டெக்னீசியம் ஜெனரேட்டர் மின்சாரம் தயாரிப்பதே இல்லை; ஸ்கேனுக்காக நோயாளிக்குச் செலுத்தும் கதிரியக்க டெக்னீசியத்தைத் தரும் கருவி இது. ஜிப்மரில் பி.எஸ்சி. அணு மருத்துவத் தொழில்நுட்பம் சேரும் பிள்ளைகளில் பலர் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவர்கள். அவர்கள் தினமும் கையாளப் போகும் பொருளின் பெயரே தவறான படத்தைக் காட்டக் கூடாது.

உள்ளே நடப்பது இதுதான். ஈயக் கவசத்துக்குள் ஒரு சிறு குழல், அதில் அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) தூள், தூளோடு ஒட்டிய கதிரியக்க மாலிப்டினம்-99. அது சிதையச் சிதைய டெக்னீசியம்-99எம் உண்டாகிறது. மாலிப்டினம் தாய், அதிலிருந்து பிறக்கும் டெக்னீசியம் சேய்; அலுமினா தாயை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், சேயை விட்டுவிடும். காலையில் ஒரு பக்க ஊசியில் உப்புநீர்க் குப்பியைச் செருகுவார்கள். மறுபக்கம் ஈய உறைக்குள் காற்று நீக்கிய குப்பி. வெற்றிடம் இழுக்க, உப்புநீர் குழல் வழியே ஓடி டெக்னீசியத்தை அள்ளிக்கொண்டு வந்துவிடும். மறுபடி முழு அளவு ஊற ஏறக்குறைய 23 மணி நேரம். அவசரமென்றால் இடையிலும் எடுக்கலாம், கொஞ்சம்தான் கிடைக்கும்.

இதைப் பார்த்தால் கறப்பது என்றுதானே வாயில் வருகிறது? ஆங்கில ஆய்வகங்களிலும் பேச்சுவழக்கில் ‘மாடு’ என்பார்கள். அங்கே அது வேடிக்கைப் பேச்சாகவே நின்றுவிட்டது. நமக்குக் ‘கறவை’ என்ற பெயர்ச்சொல் தயாராக இருக்கிறது. டெக்னீசியக் கறவை, காலியக் கறவை, ருபீடியக் கறவை என்று சேயின் பெயரை முன்னால் சேர்த்தால் போதும். எடுக்கும் வேலை கறத்தல், வந்த திரவம் கறப்பு.

> ‘கறத்தல்’ என்பதைவிடக் ‘கழுவிப் பிரித்தல்’ இன்னும் அறிவியல்பூர்வமாக இல்லையா?

வேதியியல் வகுப்புக்குச் சரி. ஆனால் கழுவுவது ஒரு முறையோடு முடிகிற வேலை. இது மறுநாளும் ஊறும், அதே சமயம் நாளுக்கு நாள் வற்றும். மாலிப்டினத்தின் அரைவாழ்வு, அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், 66 மணி நேரம். அதனால் திங்கள் காலை கறந்ததில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் வெள்ளியன்று வரும். எலும்பு ஸ்கேன்களை எந்த நாளில் எத்தனை வைப்பது என்பதே இந்தக் கணக்கில்தான் நிற்கிறது. மாணவருக்கு அது சொல்லிலேயே தெரியட்டும்.

பால் பாத்திரம் என்று குழப்பம் வருமே என்ற கவலை நியாயம். அதனால்தான் முதலில் எழுதிய ‘கறவைக்கலம்’ என்பதைக் கைவிடச் சொல்கிறேன். சேயின் பெயரோடு வரும்போது ‘கறவை’ குழப்பாது.

இன்னொன்று பாக்கி. சில சமயம் மாலிப்டினமும் கறப்பில் கலந்து வந்துவிடும். ஒரு மில்லிகியூரி (கதிரியக்க அளவு) டெக்னீசியத்துக்கு மாலிப்டினம் 0.15 மைக்ரோகியூரிக்கு மேல் போனால் நோயாளிக்குச் செலுத்தக் கூடாது. இப்படிக் கலந்து வருவதற்கு ‘ஊடுருவல்’ என்று எழுதியிருந்தீர்கள். நான் ‘தாய்க்கசிவு’ என்பேன். எது கசிந்தது என்று உடனே புரிகிறது. மறுப்பிருந்தால் எழுதுங்கள், இல்லையென்றால் நான்கு சொற்களையும் தொகுப்பில் சேர்த்துவிடலாம்.