சென்னை கொளத்தூரில் வாங்கும் நியான் டெட்ரா மீனைத் தொட்டியில் எப்படி விடுவது?

தண்டையார்பேட்டை தொட்டி:
2 அடி தொட்டி, 50 லிட்டர், ஸ்பாஞ்ச் ஃபில்டர் 2 மாசமா ஓடுது. உள்ளே 4 மோலி. போர் தண்ணி, டிடிஎஸ் (தண்ணியில் கரைஞ்சிருக்கிற உப்போட அளவு) 900. ஞாயிறு 10 நியான் டெட்ரா வாங்கலாம்னு இருக்கேன். கவரை 15 நிமிஷம் மிதக்கவிட்டு விட்டாலே போதும்ங்கிறாங்க. போன தடவை அப்படி விட்டது ரெண்டாம் நாளே போயிடுச்சு. எங்க தப்பு?

பெரம்பூர் கப்பி:
மிதக்கவிட்டா சூடு மட்டும்தான் சமமாகும், உப்பு ஆகாது. கவர் தண்ணி டிடிஎஸ்ஸை முதல்ல அளந்து பாருங்க. வித்தியாசம் 100க்குள்ள இருந்தா மிதக்கவிட்டது போதும். 300லேருந்து 900க்குத் தாவினா மீன் அன்னைக்கே சாகாது, ஒண்ணு ரெண்டு நாள் ஓரமா நின்னுட்டு அப்புறம் போகும். உங்களுக்கு நடந்தது அதுவா இருக்கலாம்.

சின்ன பக்கெட்டைச் சாய்ச்சு வெச்சு, மீனை கவர் தண்ணியோட (அரை லிட்டர்னு வெச்சுக்கலாம்) ஊத்துங்க. ஏர் டியூபில் முடிச்சு போட்டு, தொட்டியிலேருந்து வினாடிக்கு 3 சொட்டு. ஒரு மணி நேரத்தில் தண்ணி ரெண்டு மடங்காகும், டிடிஎஸ் 600. பாதியை எடுத்துக் கொட்டிட்டு இன்னொரு மணி நேரம் விட்டா 750. மறுபடி அதே மாதிரி செஞ்சா 825, வித்தியாசம் 100க்குள்ள வந்துடும். அப்புறம் வலையில் மீனை மட்டும் எடுத்து விடுங்க. பக்கெட் தண்ணி தொட்டிக்குள்ள போகவே கூடாது. அன்னைக்கு லைட் வேண்டாம், தீனி மறுநாள்தான்.

ராயபுரம் ஃபில்டர்:
கொளத்தூர் அரை மணி தூரம், அதனால சொட்டு முறை சரி. பார்சலில் ஒரு நாள் கட்டிக்கிடந்த கவருக்கு இதைச் செய்யாதீங்க. மூடின கவர்ல கரியமில வாயு சேர்ந்து பிஎச் இறங்கியிருக்கும், அதுல மீன் கழிவிலேருந்து வர்ற அம்மோனியா அவ்வளவா கடிக்காது. கவரைத் திறந்ததும் வாயு வெளியேறி பிஎச் ஏறும், அதே அம்மோனியா விஷமாகும், செவுள் வெந்துடும். அந்த மாதிரி மீனை மிதக்கவிட்டு, திறந்தவுடனே வலையில் எடுத்து விட்டுடணும். ஆனா அதுக்கு, மீன் வந்த தண்ணியோட டிடிஎஸ்ஸை விக்கிறவர்கிட்ட முன்னாடியே கேட்டு, தனி டப்பா தண்ணியை அதுக்குப் பொருத்தி வெச்சிருக்கணும்.

இன்னொண்ணு, புது மீனை நேரா மோலிகூட விடாதீங்க. 20 லிட்டர் பெயின்ட் பக்கெட்டை நல்லா கழுவி, தொட்டியில் ஏற்கெனவே ஓடுற ஸ்பாஞ்சைப் போட்டு 3 வாரம் தனியா வையுங்க. வெள்ளைப்புள்ளி நோய் வந்தா அங்கேயே தெரிஞ்சிடும். பக்கெட்டுக்கு லாரி மெட்ரோ தண்ணின்னா ஆன்டி குளோரின் போடாம ஊத்தாதீங்க.

பெரம்பூர் கப்பி:
வெளிப்படையா சொன்னா, 900ல நியான் பிழைச்சாலும் தெம்பா இருக்காது. அது மென்தண்ணி மீன். ஆர்ஓ 2 பங்கு, போர் 1 பங்கு கலந்தா 330 கிட்ட வரும், ஆனா அது மோலிக்கு ஆகாது. ரெண்டையும் ஒரே தொட்டியில் வெச்சா ஏதோ ஒண்ணு கஷ்டப்படும். உங்க தண்ணிக்கு பிளாட்டியும் கப்பியும் பொருத்தம்.

தண்டையார்பேட்டை தொட்டி:
அப்போ பிளாட்டி 6 போதும். டிடிஎஸ் மீட்டரைக் கடைக்கே எடுத்துட்டுப் போறேன்.