1,000 ரூபாய்க்குள் ஒயின்: ஓசூர், கிருஷ்ணகிரி நண்பர்களே, சொல்லுங்க

அடுத்த சனிக்கிழமை ராயக்கோட்டையில நண்பர் வீட்டு மாடியில எட்டு பேர் சேர்றோம். குடிச்சு உருள்ற கூட்டம் இல்ல. நாலு வகை ஒயினை ருசி பார்த்துப் பேசணும், அவ்வளவுதான். வகைக்கு ஒரு 750 மில்லி பாட்டில்னா ஆளுக்கு 90 மில்லி வந்துடும்.

எல்லாரும் வாங்குற கேபர்நே, ஷிராஸ் சிவப்பு ஒயினெல்லாம் வேண்டாம். வெள்ளை ஒயின்ல நாசிக் செனின் பிளாங்க் ஒண்ணு முடிவாயிடுச்சு. மகாராஷ்டிராவுல ஃப்ராடெல்லி கம்பெனி போடுற சாஞ்சியோவேஸி (இத்தாலித் திராட்சையில செய்யற சிவப்பு ஒயின்) நம்ம பக்கம் டாஸ்மாக் எலைட் கடையில கிடைக்குதா? போர்ட் ஒயின் மட்டும் சொல்லாதீங்க, இருமல் மருந்து மாதிரி ஒரே தித்திப்பு.

அத்திப்பள்ளி தாண்டி கர்நாடகாவுல வாங்கிட்டு வாங்கன்னு சொல்றவங்களுக்கு ஒரு கும்பிடு. செக்போஸ்ட்ல மாட்ட நான் தயாரா இல்ல.

பாட்டில்ல நியூஸ்பேப்பர் சுத்தி, பேர் தெரியாமத்தான் ஊத்தப்போறோம். விலையைப் பார்த்துட்டு ருசி சொல்ற ஆளுங்க ரெண்டு பேர் இருக்காங்க!

தொட்டுக்க நிப்பட்டு (தட்டை மாதிரி), மிளகு தூக்கலா நாட்டுக்கோழி வறுவல். துவர்ப்பு அதிகமான சிவப்பு ஒயின் காரத்தோட சேர்ந்தா நாக்கு இன்னும் எரியும். அதனால துவர்ப்பு கம்மியா சிவப்புல ஒண்ணு, ரோஸேல (இளஞ்சிவப்பு ஒயின்) ஒண்ணு வேணும். குடிச்சுப் பார்த்தவங்க பேரும் கடையும் சொன்னா போதும்.