சிங்கப்பூர்ப் பள்ளி, தொடக்கநிலை 4 தமிழ் பெற்றோர் குழு: செவ்வாய் இரவு

இரவு 8:41
சத்யா: நாளைக்குச் சொல்வதெழுதுதல் உண்டா? நிகில் இல்லவே இல்லைன்னு சாதிக்கிறான். பையைத் திறக்க விடமாட்டேங்கிறான்.

8:43
ரஹீமா: உண்டு. பத்துச் சொல். பையைத் திற.

8:44
சத்யா: திறந்துட்டேன். தண்ணிப் போத்தலுக்கு அடியில தாள் நனைஞ்சு கிடக்கு. யாராவது படம் எடுத்துப் போடுங்களேன்.

8:45
ரஹீமா: [படம்]

8:52
மீனா: சத்யா கேட்டது இருக்கட்டும். நான் இப்பதான் வங்கிக் கணக்கைத் திறந்தேன். இந்த மாசத்துக்கான ரெண்டு தொகை ஒரே வாரத்துல போயிருக்கு. பள்ளிக்கூடத்துக்குக் கிரோவில (வங்கியே தானா கழிச்சுக்கிறது) 6 வெள்ளி 50 காசு. கணக்கு டியூஷனுக்கு 305 வெள்ளி 20 காசு. 280 கட்டணம், மிச்சம் ஜிஎஸ்டி 9 விழுக்காடு.

8:53
மீனா: வாரத்துல அஞ்சு நாள், காலை ஏழரையிலேருந்து மத்தியானம் ஒன்றரை வரைக்கும் ஆதிராவை வச்சுப் பார்த்துக்கிறவங்களுக்கு ஆறரை வெள்ளி. வாரம் ஒன்றரை மணி நேரம் பின்னம் சொல்லித் தர்றவங்களுக்கு முந்நூத்தஞ்சு. அந்த ரெண்டு வரியையும் பார்த்துக்கிட்டே உக்காந்திருக்கேன். சாதம் ஆறிப் போச்சு.

8:55
ஜெயந்தி: ஆறரை இல்ல, 13. மத்த ஆறரை ஆதிராவோட எடுசேவ் கல்விக் கணக்குலேருந்து போகுது. தொடக்கநிலை ஒன்னுல நீதான் கையெழுத்துப் போட்டே.

8:55
மீனா: மறந்தே போச்சு. அதுவும் அரசாங்கம் போட்ட காசுதானே, வருஷம் 230.

8:57
ஜெயந்தி: ஆமா. அந்த 13ம் பலவகைக் கட்டணம் மட்டும்தான். தொடக்கநிலையில சிங்கப்பூர்ப் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணமே கிடையாது. அரசாங்கத்துக்கு ஒரு பிள்ளைக்கு ஆகற செலவு வருஷம் 10,000 வெள்ளிக்கு மேல. ஆஸ்பத்திரி பில்லுல முழுத் தொகையைப் போட்டு, மானியத்தைக் கழிச்சு, கீழே நாம கட்டறதைக் காட்டுவாங்க. பள்ளிக்கூடம் அப்படி எதுவும் அனுப்பறதில்ல. அதனால 13 வெள்ளிப் பள்ளிக்கூடம்னே நெனச்சுக்கிறோம்.

8:58
மீனா: கணக்காளர் வீட்டுலயும் டை கழட்டறதில்ல.

8:58
ஜெயந்தி: நான் டை கட்டறதில்ல.

9:01
சத்யா: உங்க சண்டையில நான் வரக்கூடாது. ஆனாலும் சொல்றேன். நாங்க பிஆர், நிரந்தரவாசிங்க. நிகிலுக்கு மாசம் இருநூறுக்கு மேல கட்டறோம். வருஷா வருஷம் ஏறுது. எடுசேவ் இல்ல, வீட்டுக்கு வீடு அரசாங்கம் கொடுக்கிற சிடிசி வவுச்சர் இல்ல. வருமான வரி, ஜிஎஸ்டி எல்லாம் உங்களுக்கு எப்படியோ அப்படித்தான் எங்களுக்கும்.

9:02
சத்யா: இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் சிண்டாவுக்கு மட்டும் எங்களையும் மறக்காம சேர்த்துக்கிறாங்க. சம்பளத்துக்குத் தக்கபடி பிடிக்கிறாங்க, அவருக்கு மாசம் 9 வெள்ளி.

9:03
மீனா: எனக்கு 7 தான். நீங்க எங்களைவிட வசதி, தெரிஞ்சுபோச்சு.

9:03
சத்யா: ஐயோ, சம்பளத்தை நானே சொல்லிட்டேனா!

9:04
ரஹீமா: சத்யா, கோவிச்சுக்காதே. என் மவன் ராணுவத்துல ரெண்டு வருஷம் போட்டுட்டு வந்தான். அதையும் கணக்குல சேரு.

9:05
சத்யா: கோவம் இல்லக்கா. நிகிலும் ஒரு நாள் போகத்தானே போறான். வயித்துல புளியைக் கரைக்குது.

9:10
மீனா: நான் சொல்ல வந்தது வேற. அந்த 305 எதுக்குப் போகுது? கணக்கு வகுப்புல 38 பிள்ளைங்க. போன மாசம் பெற்றோர் சந்திப்புல டீச்சர்கிட்ட பத்து நிமிஷம் பேசினேன். டீச்சர் நல்ல பொண்ணு. ஆதிரா கணக்குத் தாளைத் தேடி எடுக்கவே அதுல மூணு நிமிஷம் ஆயிடுச்சு. "அமைதியான பிள்ளை, பிரச்சினையே இல்லை"ன்னு சொன்னாங்க. எனக்குச் சுருக்குன்னுச்சு. அமைதியா இருக்கறவ புரிஞ்சுக்கிட்டு இருக்காளா, புரியாம இருக்காளான்னு 38 பேருக்கு நடுவுல யாரு பார்க்கறது?

9:12
மீனா: தொடக்கநிலை ஒன்னு, ரெண்டுல 30 பேர்தான். மூணாவதுக்குப் போனதும் 40 வரைக்கும் அடைக்கலாம். பாடம் கஷ்டமாகற நேரம் பார்த்து வகுப்பும் பெருசாகுது. இது எந்த ஊர் நியாயம்? அப்புறம் எல்லாரும் டியூஷனுக்கு ஓடறோம். 2023ல இந்த ஊர்க் குடும்பங்க டியூஷனுக்குக் கொடுத்தது 180 கோடி வெள்ளி. அதுக்கு அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி 140 கோடி. அதுவும் கல்விச் செலவுதான். என்ன, எந்த வரவுசெலவுத் திட்டத்துலயும் வராது. நம்ம கைப்பையிலேருந்து நேராப் போயிடுது.

9:13
மீனா: 2025ல 12 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைக்குத் தலைக்கு 500 வெள்ளி லைஃப்எஸ்ஜி கிரெடிட் கொடுத்தாங்க. சிடிசி வவுச்சர் 2025 மே மாசம் 500, 2026 ஜனவரியில 300. எனக்கு வவுச்சர் வேணாம் சாமி. அந்தக் காசுக்கு இன்னொரு கணக்கு டீச்சரைப் போடுங்க. வகுப்பை 25 ஆக்குங்க. டியூஷனை நானே நிறுத்திக்கிறேன்.

9:14
ரஹீமா: ஏய், வவுச்சர் வேணாம்னு எனக்கும் சேர்த்துச் சொல்லாதே. எங்க வீட்டு அரிசி, எண்ணெய் எல்லாம் அதுலதான் வந்துச்சு. உனக்கு வேணாம்னா என் நம்பருக்கு அனுப்பு.

9:15
மீனா: சரி சரி, வாபஸ்.

9:24
ஜெயந்தி: உன் 25ஐக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம்ம பள்ளியில நாலாவதுல 5 வகுப்பு, மொத்தம் 190 பிள்ளைங்க. 25 பேர் வச்சா 8 வகுப்பு வேணும். ஒரு நிலைக்கு 3 வகுப்பு கூட. மூணாவதுலேருந்து ஆறாவது வரைக்கும் 12 வகுப்பறை, 12 ஆசிரியர். நம்ம ஒரு பள்ளிக்கே இவ்வளவு. டீச்சருக்குச் சம்பளம் கொடுக்கக் காசு இருந்தாலும் அறைக்கு எங்க போறது?

9:25
மீனா: மண்டபத்துல தடுப்புப் போடட்டும். நூலகத்துக்கு மேல ஒரு மாடி கட்டட்டும்.

9:26
ஜெயந்தி: நீ நாளைக்கே சிமெண்டு மூட்டையோட வந்துருவே போல.

9:29
சுப்பையா தாத்தா: [குரல் பதிவு, 4 நிமிடம் 12 விநாடி]

9:30
மீனா: சார், பக்கத்துல பிள்ளை தூங்குது. தட்டச்சு செஞ்சா நல்லாருக்கும்.

9:38
சுப்பையா தாத்தா: சரியம்மா. என் பேத்தி உங்கள் பிள்ளைகளோடு படிக்கிறாள் என்பதற்காக என்னையும் இந்தக் குழுவில் சேர்த்தீர்கள். ஆசிரியராக இருந்தவன் என்பதால் வாயை அடக்க முடியவில்லை. அறை பற்றிச் சொல்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது காலைப் பள்ளி, மாலைப் பள்ளி என்று இரண்டு. ஒரே நாற்காலியில் காலையில் ஒருவன், மதியம் ஒருவன். இன்று எல்லாத் தொடக்கப்பள்ளியும் ஒருவேளைப் பள்ளி. மாணவர் தொகை அப்படியே இருக்க, வகுப்பறையை மட்டும் இரட்டிப்பாக்க வேண்டியிருந்தது. கல்விப் பணத்தில் நிறையக் கட்டடத்துக்குப் போன காலம் அது. மதியம் உங்கள் பிள்ளை இணைப்பாட நடவடிக்கைக்கு நிற்க இடம் இருக்கிறதே, அதற்குத்தான்.

9:39
மீனா: சரிங்க சார். ஆனா இப்ப பிள்ளை பிறக்கறதே குறைஞ்சுபோச்சே. 2024ல ஒரு பெண்ணுக்கு 0.97 தான். பள்ளிகளை ஒன்னா இணைக்கிறாங்க. இருக்கிற அறையையும் டீச்சரையும் வச்சே வகுப்பைச் சின்னதாக்கலாமே?

9:40
பாலா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

9:47
சுப்பையா தாத்தா: நல்ல கேள்வி. நம் தொடக்கப்பள்ளிகளில் ஓர் ஆசிரியருக்குச் சுமார் 15 மாணவர் என்பது கணக்கு. வகுப்பில் 38 பேர் இருக்கிறார்கள். இரண்டும் உண்மை. அப்படியானால் மிச்ச ஆசிரியர்கள் எங்கே?

9:47
ஜெயந்தி: அலுவலகத்துல?

9:51
சுப்பையா தாத்தா: சிலர் அலுவல் பார்க்கிறார்கள், உண்மைதான். ஆனால் ஒன்றாம் வகுப்பில் வாசிக்கத் திணறுகிற பிள்ளைகளை எட்டுப் பேர், பத்துப் பேராகத் தனியே உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆசிரியர் வேண்டும். கணக்குக்கும் அப்படி உண்டு. அதற்கு அடுத்தது யார் தெரியுமா? நீங்கள்தான். இந்தக் குழுவில் எத்தனை பிள்ளைகளின் பெற்றோர்?

9:51
ரஹீமா: ஒன்பது.

9:54
சுப்பையா தாத்தா: ஐந்து வகுப்பிலிருந்து பொறுக்கி எடுத்த ஒன்பது பேர். அந்த ஒரு மணி நேரம் மற்றவர்கள் சீனத்துக்கும் மலாய்க்கும் போய்விட, இந்த ஒன்பது பேருக்கு ஒரு முழு ஆசிரியர், ஒரு முழு அறை. அவருக்குச் சம்பளம் 38 பேருக்குச் சொல்லிக்கொடுப்பவருக்கு என்னவோ அதேதான். தலைக்கு எவ்வளவு என்று கணக்காளர் அம்மா போட்டுப் பார்க்கட்டும்.

9:55
ஜெயந்தி: போட வேணாம் சார், பார்த்தாலே தெரியுது. பள்ளியிலேயே அதிகச் செலவு நம்ம வகுப்புக்குத்தான்.

9:59
சுப்பையா தாத்தா: இது தானாக வந்ததும் இல்லை. உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியைக் கடையநல்லூர்க்காரர்கள் காசு போட்டு நடத்தினார்கள். தமிழ் முரசு நாளிதழ் நடத்திய சாரங்கபாணி ஐயா பல்கலைக்கழக நூலகத்துக்குத் தமிழ்ப் புத்தகம் வாங்கத் "தமிழ் எங்கள் உயிர்" என்று நிதி திரட்டினார். கொடுத்தவர்களில் பல பேர் துறைமுகத்திலும் கடையிலும் நின்று வேலை செய்தவர்கள். 1982இல் அந்தப் பள்ளியை மூடியபோது நான் அழுதேன். அடுத்த ஆண்டே அந்தப் பெயரில் அரசாங்கம் தமிழ் நிலையம் திறந்தது, இன்று பீட்டி சாலையில் இருக்கிறது. அதற்கும் அழுதேன் என்று என் மனைவி சொல்வாள். எனக்கு நினைவில்லை.

10:00
ரஹீமா: எங்க வாப்பா அந்தப் பள்ளியிலதான் படிச்சாங்க சார்.

10:01
சுப்பையா தாத்தா: அப்படியா! நாளைக் காலையில் தொலைபேசியில் அழைக்கிறேன் அம்மா. பெயர் சொன்னால் எனக்குத் தெரிந்திருக்கும்.

10:08
மீனா: சார், ஒன்னு ஒத்துக்கிறேன். ஆதிராவுக்குத் தமிழுக்கு மட்டும் டியூஷன் போடலை. ஏன் போடலைன்னு நான் யோசிச்சதே இல்ல. போன வாரம் பயிற்சித் தாள்ல ஓரமா டீச்சர் எழுதியிருந்தாங்க: "ஆதிரா, பள்ளி என்பதைப் பல்லி என்று மூன்றாம் முறையாக எழுதியிருக்கிறாய். பல்லி சுவரில் இருக்கும்." மூணாவது தடவைன்னு எண்ணி வச்சிருக்காங்க! 38 பேர் இருந்தா எண்ண முடியுமா?

10:09
மீனா: ஆனா நான் விடமாட்டேன். கணக்கு டீச்சரும் எண்ணணும். ஒன்பது கேக்கலை, 25 தான் கேக்கறேன்.

10:10
ஜெயந்தி: கல்வியமைச்சு செலவு வருஷம் 1,400 கோடிக்கு மேல. கேட்டுப் பாரு.

10:10
மீனா: பாதுகாப்புக்கு அதைவிட எவ்வளவோ கூடப் போகுதே.

10:11
ரஹீமா: அதுல என் மவனுக்கு ரெண்டு வருஷத்துல கொடுத்தது கைச்செலவுக் காசு.

10:16
மீனா: இன்னொரு விஷயம். இது பொதுவாச் சொல்றேன், எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும். கல்வியமைச்சோட நிதி உதவித் திட்டத்துல 2025லேருந்து வருமான வரம்பைக் கூட்டிட்டாங்க. முன்னாடி குடும்ப மொத்த வருமானம் 3,000, தலைக்கு 750. இப்ப 4,000, இல்லாட்டி தலைக்கு 1,000. ரெண்டுல ஒன்னு சரியா வந்தாப் போதும். கூடவே இருக்கிற தாத்தா பாட்டியும் தலையெண்ணிக்கையில சேருவாங்க. அஞ்சு பேர் உள்ள வீட்டுல மாசம் 5,000 வந்தாலும் கேக்கலாம்.

10:17
ஜெயந்தி: ஓவர்டைம் உண்டு, ஆனா மாசம் ஒரு மாதிரி வரும்னா, சம்பளச் சீட்டு எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போய்ப் பள்ளி அலுவலகத்துலயே கேக்கறது நல்லது. நாமளே வீட்டுல உக்காந்து 'நமக்குக் கிடைக்காது'ன்னு முடிவு பண்ணிடக்கூடாது.

10:19
ரஹீமா: என் பெரியவனுக்கு நான் வாங்கினேன். அவங்க அத்தா வேலை போயி எட்டு மாசம். பாடப் புத்தகம், சீருடை இலவசம். கட்டணம் இல்ல. கேண்டீன்ல சாப்பாடு. மத்தப் பிள்ளைங்க மாதிரியே அவனும் வரிசையில நின்னு வாங்கிச் சாப்பிட்டான், யாருக்கும் ஒன்னும் தெரியாது. நாம கட்டற வரிதான் நமக்குத் திரும்பி வருது. அதுக்கு முந்தின வருஷம் நானும் கட்டினேன், அதுக்கப்புறமும் கட்டறேன்.

10:20
சத்யா: எங்களுக்கு அது இல்ல, குடியுரிமை வேணும். ஆனா தெரிஞ்சு வச்சுக்கிறேன்.

10:21
சத்யா: நிகில் பத்துல எட்டு சரி. "சுற்றுச்சூழல்" ல ரெண்டு ற் போட்டிருக்கான், "முயற்சி" ல ஒன்னையும் காணோம்.

10:22
சுப்பையா தாத்தா: அங்கே எடுத்து இங்கே போட்டால் சரியாகிவிடும்.

10:34
பாலா: அக்கா, பள்ளி அலுவலகம் காலையில எத்தனை மணிக்குத் திறப்பாங்க? தருணுக்குப் பெயர்ப் பட்டை வாங்கணும்.

10:35
ரஹீமா: ஏழரைக்கே ஆள் இருக்கும் தம்பி. நானும் அந்த நேரம் சின்னவளை விட வருவேன். முன்வாசல்ல நில்லுங்க, சேர்ந்தே போகலாம். பெயர்ப் பட்டையும் அங்கதான்.