கடற்புல் மேலே எக்கோசவுண்டர்: தரைக்கோடு தாவிக்கொண்டே இருக்கிறது, உதவி தேவை

பாக்கடல்_மாணவன்:
வணக்கம். மனோரா பக்கம் பாக் விரிகுடாவில் கடற்புல் வரைபடம் போடும் வேலை, 2022இல் ஆவுளியா (கடற்பசு) காப்பகமாக அறிவித்த 448 சதுர கி.மீ.க்குள் வரும் இடம்தான். ஃபைபர் படகின் ஓரத்தில் கம்பு கட்டி, எக்கோசவுண்டரின் (ஒலி அனுப்பி, எதிரொலியை வைத்து ஆழம் அளக்கும் கருவி) 200 கிலோஹெர்ட்ஸ் டிரான்ஸ்டியூசரை, அதாவது ஒலியை அனுப்பி வாங்கும் முனையை, நீர்மட்டத்துக்கு 40 செ.மீ. கீழே இறக்கிப் பதிவு செய்தோம். பல்ஸ், அதாவது ஒரு தடவை அனுப்பும் ஒலியின் நீளம், 0.256 மில்லிசெகண்ட். கோப்பை எக்கோபைப்பில் (எக்கோசவுண்டர் தரவைப் படிக்கும் பைத்தான் நூலகம்) திறந்து, ஒவ்வொரு பிங்கிலும் (ஒரு தடவை ஒலி அனுப்பிக் கேட்பது) அதிகபட்ச எதிரொலி எங்கே இருக்கிறதோ அதைத் தரை என்று எடுத்தேன். தரை டிரான்ஸ்டியூசரிலிருந்து 3 மீட்டரில் இருக்கிற இடத்தில் கோடு திடீரென 6.4க்குப் போய்விடுகிறது, புல் அடர்ந்த இடத்தில் மேலே ஏறிப் புல்நுனியில் உட்கார்ந்துகொள்கிறது. அதைவிடக் குழப்பம், புல்லே இல்லாத வெறும் மணலிலும் புல் உயரம் 20 செ.மீ. என்று வருகிறது. படத்தில் விளிம்பு கண்டுபிடிக்கும் சோபல், கேனி இரண்டும் போட்டுப் பார்த்தாச்சு, எக்கோகிராம் (பிங்குகளை அடுத்தடுத்து வைத்த எதிரொலிப் படம்) முழுக்க விளிம்பாகக் காட்டுகிறது.

டெசிபல்_ராசா:
6.4 எங்கிருந்து வருகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள் தம்பி. ஒலி தரையில் பட்டு, நீர்மட்டத்தில் மோதி, மறுபடி தரைக்குப் போய்த் திரும்புகிறது. இருமடங்கு 3, அதோடு டிரான்ஸ்டியூசர் இறங்கியிருக்கும் 0.4. இரண்டாம் எதிரொலிதான், சந்தேகமே வேண்டாம். கெட்டி மணலில் முதல் எதிரொலி ரிசீவரை நிரப்பிவிடும், தூரத்துக்கு ஏற்றபடி மென்பொருள் கூட்டும் டெசிபல் பின்னால் வருவதைத் தூக்கிவிடும், அதிகபட்சம் தேடினால் ஏமாற வேண்டியதுதான். முதலில் அக்கம்பக்கத்துப் பிங்குகளின் இடைநிலை ஆழத்தை எடுத்து, அதன் ஒன்றரை மடங்கு ஆழத்தைத் தாண்டித் தேடாதீர்கள். அப்புறம் பிங் பிங்காகத் தனித்தனியே முடிவெடுக்காமல், ஒரு பிங்கிலிருந்து அடுத்ததற்குக் கோடு இவ்வளவுதான் நகரலாம் என்று தண்டனை வைத்து, மொத்தப் பாதையையும் டைனமிக் புரோகிராமிங்கில் தேடுங்கள். புல்நுனிக்குத் தாவுவது பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும். கேனியெல்லாம் போட்டோவுக்கு ஆனது. இங்கே ஒரு அச்சு நேரம், இன்னொன்று ஆழம், இரண்டையும் ஒரே தட்டில் வைத்துச் சாய்வு பார்த்தால் இப்படித்தான் வரும்.

கலங்கரை:
மணலில் 20 செ.மீ. புல் முளைத்ததற்குக் காரணம் உங்கள் பல்ஸ். ஒலி வேகம் 1540 என்று வைத்தால் 0.256 மில்லிசெகண்டில் பாதித் தூரம் கிட்டத்தட்ட 20 செ.மீ., அதற்குள் இருக்கும் இரண்டு பொருள்களை எந்த மென்பொருளாலும் பிரிக்க முடியாது. 0.064க்கு இறக்கினால் 5 செ.மீ. ஆகும். பதிவான தரவில் ஹாலோஃபிலா மாதிரிக் குட்டைப் புல்லை மறந்துவிடுங்கள், நீள இலை எனாலஸ் தெரியும்.

டெசிபல்_ராசா:
சரிதான். தெரிந்த வெறும் மணலில் வரும் உயரத்தைக் கழித்துவிட்டால் ஓரளவு ஒப்பேற்றலாம்.

கலங்கரை:
ஒரே எண்ணைக் கழிக்காதீர்கள். சேற்றில் எதிரொலி மெதுவாக ஏறும், மணலில் சட்டென்று ஏறும், இரண்டுக்கும் தனித்தனியாக எடுங்கள். பிங்குகளைச் சராசரி எடுப்பதானால் டெசிபலில் எடுக்கவே கூடாது, நேர்கோட்டு அளவுக்கு மாற்றிச் சராசரி எடுத்துவிட்டுத் திரும்ப மாற்றுங்கள். பாக்கடல், பதிவு எத்தனை மணிக்கு?

பாக்கடல்_மாணவன்:
காலை ஏழிலிருந்து மதியம் ஒன்று வரை. மதியத்தில் அடர்ந்த இடங்களில் தரையே மங்கிவிடுகிறது, கருவி சூடாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

கலங்கரை:
வெயில் ஏறியதும் புல் ஒளிச்சேர்க்கையில் ஆக்சிஜன் குமிழ் விடும், குமிழ் ஒலியைச் சிதறடித்து விழுங்கும். இத்தாலியில் உஸ்திகா தீவுப் பக்கம் 1999இல் போசிடோனியா புல்வெளியில் இதை வைத்தே ஒளிச்சேர்க்கையைக் கேட்டிருக்கிறார்கள். உங்களுக்கு அது தொல்லை, அதனால் காலைப் பதிவையும் மதியப் பதிவையும் ஒரே வாசலளவில் (எத்தனை டெசிபலுக்கு மேல் இருந்தால் புல் என்று எடுப்பது) ஓட்டாதீர்கள்.

பாக்கடல்_மாணவன்:
ரொம்ப நன்றி அண்ணா. ஆழ வரம்பும் பாதைத் தேடலும் போட்டேன், 6.4 போயே போச்சு. தரையைத் தட்டையாக்கி, அதிலிருந்து மேலே போய், எதிரொலி தொடர்ந்து நாலு மாதிரிப் புள்ளிகளில் வாசலுக்குக் கீழே போகும் இடத்தைப் புல்நுனி என்று எடுக்கிறேன், அலையில் படகு ஆடினாலும் இரண்டு கோடும் சேர்ந்தே ஆடுவதால் உயரம் கெடவில்லை. ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி: வாசலை எத்தனை டெசிபலில் வைப்பது?

டெசிபல்_ராசா:
யாருடைய எண்ணையும் கடன் வாங்காதீர்கள். சில இடங்களில் முங்கி அளவுகோலால் புல்லை அளந்துவிட்டு, அதோடு ஒத்துப்போகிற வாசலை எடுங்கள். பாதி இடங்களைச் சரிபார்ப்பதற்கென்று தொடாமல் ஒதுக்கி வையுங்கள்.