‘ஃபான்ட்வொர்க்’ கருவிக்குத் தமிழில் என்ன பெயர்: ‘எழுத்தோவியம்’ குறித்த முன்மொழிவு

அன்புள்ள தமிழாக்கக் குழுவினருக்கு வணக்கம்.

லிப்ரெஆபிஸ் என்ற அலுவலகச் செயலித் தொகுப்பில் ஆவணம் எழுத உதவும் ரைட்டரில், ‘செருகு’ பட்டியின் கீழ் இருக்கும், சொற்களை வளைத்து அலங்கரிக்கும் ‘ஃபான்ட்வொர்க்’ கருவிக்கு இதுவரை எழுத்துருவேலை, அலங்கார எழுத்து, சொற்கலை என்ற மூன்று சொற்கள் இங்கே முன்வைக்கப்பட்டிருக்கின்றன. மூன்றையும் ஏற்க நான் தயங்குவதற்குக் காரணம் இலக்கணமன்று. சென்ற வாரம் ஒருவருக்கு உதவப் போய் நான் கண்டது.

எங்கள் தெருவில் வசிக்கும் ஆசிரியை ஒருவர் பள்ளி விழா அழைப்பிதழை ரைட்டரில் தயாரித்துக்கொண்டிருந்தார். ‘ஆண்டு விழா’ என்ற தலைப்பை வானவில் போல வளைப்பது வரை அவருக்குச் சிக்கல் ஏதுமில்லை. அதன் நிறத்தைச் சிவப்பாக்க விரும்பி, எழுத்தின் நிறத்தை மாற்றும் பொத்தானை நான்கைந்து முறை அழுத்தியும் ஒன்றும் மாறாததால் என்னை அழைத்தார். நான் அந்த வளைவின் மேல் இருமுறை சொடுக்கியதும், அதன் நடுவே சிறிய சாதாரண எழுத்தில் ‘ஆண்டு விழா’ தனியாகத் தோன்றியது. “அப்படியானால் இந்தப் பெரியது என்ன, படமா?” என்று கேட்டார்.

படம்தான். நாம் தட்டச்சு செய்யும் சொல்லின் புறக்கோடுகளை எடுத்து, தேர்ந்த வடிவத்திற்குள் வளைத்து, அதை ஒரு வரைபொருளாக வைப்பதே இக்கருவியின் வேலை. ஆகவே நிறம் எழுத்தமைப்பில் இல்லை. வட்டத்திற்கும் சதுரத்திற்கும் வண்ணம் நிரப்புகிறோமே, அந்தப் ‘பரப்பு’ உரையாடல் பெட்டியில் இருக்கிறது. ஓரத்தின் தடிப்பை மாற்றுவதற்கும் ‘கோடு’ பெட்டிக்குத்தான் போக வேண்டும். இதைச் சொன்ன பிறகு அவர் நிழலையும் தாமாகவே கண்டுபிடித்துவிட்டார். பெயரிலேயே ‘இது படம்’ என்ற குறிப்பு இருந்திருந்தால் என்னை அழைத்திருக்கவே மாட்டார் என்று நினைக்கிறேன்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், ‘எழுத்துருவேலை’ ஆங்கிலச் சொல்லைப் பிரித்து ஒட்டியது மட்டுமன்றி, புதிதாக எழுத்துரு வடிவமைக்கும் பணியையும் நினைவூட்டிக் குழப்புகிறது. ‘சொற்கலை’ மைக்ரோசாஃப்ட் வேர்டில் உள்ள வேர்ட்ஆர்ட்டின் நேர் மொழிபெயர்ப்பு. காதில் விழும்போது பேச்சாளருக்குரிய கலையாக ஒலிக்கிறது. ‘அலங்கார எழுத்து’ இயல்பான தொடர்தான், ஆனால் பூ வேலைப்பாடுள்ள எழுத்துருவையும் மக்கள் அப்படியே சொல்வார்கள். தவிரவும், அது ‘எழுத்து’ என்றே முடிவதால் ஆசிரியைக்கு நேர்ந்த மயக்கம் தீராது.

எனவே ‘எழுத்தோவியம்’ என்பதை முன்மொழிகிறேன். எழுத்தால் ஆன ஓவியம் என்று விரித்தால், கருவி செய்வதை அப்படியே சொல்லிவிடுகிறது. கையால் அழகுற எழுதும் கலையோடு இது குழம்பாதா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு ‘வனப்பெழுத்து’ என்ற சொல் ஏற்கெனவே வழக்கில் இருப்பதால் அந்த அச்சம் வேண்டியதில்லை. எழுத்து, ஓவியம் இரண்டும் ஒரே பொருளைத் தருவதால் இது கூறியது கூறல் என்ற மற்றொருவரின் மறுப்பு எனக்கு மிகவும் பிடித்திருந்தது, ஏனெனில் அதில் உண்மை இருக்கிறது. தமிழில் ‘எழுதுதல்’ என்பதற்கே வரைதல் என்ற பொருளும் உண்டு: கண்ணுக்கு மை எழுதுகிறோம், ஓவியம் எழுதினார்கள் என்கிறோம், பரிபாடல் திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்தை ‘எழுத்துநிலை மண்டபம்’ என்றே குறிக்கிறது. சுவர் விளம்பரம் தீட்டுபவரும் ‘சுவர் எழுதப் போகிறேன்’ என்றுதான் சொல்வார். ஆனால் இன்றைய பயனருக்கு எழுத்து என்றால் தட்டச்சில் வருவது மட்டுமே; ஆகையால் ‘ஓவியம்’ என்று வெளிப்படையாகச் சொல்வதில் மிகை இல்லை.

கருவிப்பட்டையில் பொருத்திப் பார்த்தேன். ‘எழுத்தோவியத் தொகுப்பு’, ‘எழுத்தோவிய வடிவம்’, ‘எழுத்தோவிய இடைவெளி’ ஆகியவை உறுத்தாமல் அமைகின்றன. எழுத்துகள் அனைத்தையும் ஒரே உயரத்திற்கு இழுக்கும் பொத்தான்தான் இடறுகிறது; ‘எழுத்தோவியச் சம எழுத்துயரம்’ என்பதை எவரும் ஒரே மூச்சில் படிக்க முடியாது. (தமிழில் அந்தப் பொத்தானை அழுத்தினால் ‘ப’வும் ‘பி’யும் சம உயரத்தில் நின்று அழகு கெடுவது வேறு கதை.) எழுத்தோவியத்தைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் அந்தப் பட்டை தோன்றுகிறது என்பதால், முன்னொட்டை நீக்கி ‘சம எழுத்துயரம்’ என்று மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

லிப்ரெஆபிஸின் ரைட்டர், கால்க், இம்ப்ரெஸ், டிரா ஆகிய செயலிகள் நான்கிலும் இக்கருவி இருப்பதால், எந்தச் சொல்லைத் தேர்ந்தாலும் நான்கிலும் உதவிப் பக்கங்களிலும் அதுவே வர வேண்டும். ‘எழுத்துயரம்’ என்று சேர்த்தெழுதினால் ‘துயரம்’ கண்ணில் படுகிறது என்று வீட்டில் கேலி செய்தார்கள். ‘எழுத்து உயரம்’ என்று பிரித்தே எழுதலாமா என்பதைத் தெரிவியுங்கள்.

அன்புடன்,
குழு உறுப்பினர் ஒருவர்