மறு: பெஞ்ச்மார்க்குக்கு ‘உரைகல்’ போதுமா?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். ஒரு நிரல் தரும் விடை சரியா என்று பார்க்கப் பக்கத்தில் வைத்து ஒப்பிடும், ஏற்கெனவே தெரிந்த விடைதான் பெஞ்ச்மார்க். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில் ஒருவர் எழுதியது:

> பெஞ்ச்மார்க் என்பதற்கு ‘உரைகல்’ என்றே வைத்துக்கொள்ளலாம். குறளிலேயே அதே பொருளில் ‘கட்டளைக்கல்’ இருக்கிறதே.

எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் போன வாரம் திருப்பாதிரிப்புலியூரில் ஓர் ஆசாரியின் பட்டறையில் உட்கார்ந்திருந்தபோது மனசு மாறிவிட்டது. அம்மாவின் பழைய தோட்டுக்கு மாற்று, அதாவது பொன்னின் தரம், பார்க்கப் போயிருந்தேன். கறுப்புக் கல்லில் தோட்டை ஓர் இழுப்பு இழுத்தார். பக்கத்திலேயே, நுனியில் மாற்றுத் தெரிந்த பொன் வைத்த ஆணியால் இன்னொரு கோடு. இரண்டின் மேலும் ஒரு சொட்டுத் திராவகம். எது எவ்வளவு மங்குகிறது என்று பார்த்துவிட்டு விடையைச் சொன்னார். (அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.) அந்த ஆணிக்குப் பெயர் உரையாணி. கல்லுக்குத் தன் மாற்று என்று எதுவும் கிடையாது, கோடு விழ இடம் தருவதோடு சரி. ஒப்பிட்டுப் பார்ப்பது ஆணியோடு.

பாய்வைக் கணினியில் கணக்கிடும் நம் ஆட்கள் செய்வதும் இதேதான். குறுகிய கால்வாயின் கீழ்ச்சுவர் ஒரு படிபோல் இறங்கி, கால்வாய் திடீரென்று அகலமாகும் இடத்தில் பாய்வு எப்படி இருக்கும் என்று கணக்கிட ஒருவர் நிரல் எழுதுகிறார். சரியா என்று பார்க்க, 1990இல் கார்ட்லிங் என்ற ஆய்வாளர் வெளியிட்ட விடையைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார். படியைத் தாண்டியதும் கால்வாய் உயரம் இரண்டு மடங்கு, ரெனால்ட்ஸ் எண் (பாய்வின் வேகத் தாக்கம் பாகுத்தன்மையைவிட எவ்வளவு பெரிது என்று காட்டும் எண்) 800. படியில் கீழ்ச்சுவரை விட்டு விலகும் பாய்வு, அடியில் ஒரு சுழலை விட்டுவிட்டு, படியிலிருந்து அகன்ற கால்வாயின் உயரத்தைப்போல் சுமார் 6.1 மடங்கு தொலைவில் மறுபடி சுவரைத் தொடுகிறது. மேல்சுவரிலும் ஒரு சுழல், அதே அளவில் ஏறத்தாழ 4.85இல் தொடங்கி 10.48இல் முடிகிறது. உங்கள் நிரல் 6.1க்குப் பதில் 5.6 என்று காட்டினால், கணக்குக்காகக் கால்வாயைப் பிரித்த வலைக்கண் பெரிதாக இருக்கலாம், அல்லது நிஜத்தில் இல்லாத பாகுத்தன்மையைக் கணக்குமுறையே சேர்த்திருக்கலாம். அந்த 6.1தான் ஆணி.

இன்னொன்று. கார்ட்லிங்கின் விடையும் கணினியில் போட்ட கணக்குதான். உண்மையான பாய்வை ஓட்டி லேசரால் அளந்தவர்கள் ஆர்மலி குழுவினர், 1983இல், 1:1.94 என்று அகலும் கால்வாயில். ரெனால்ட்ஸ் எண் சுமார் 400 வரை இருபரிமாணக் கணக்கு அளவீட்டோடு ஒத்துப்போனது. அதற்குமேல் பாய்வு முப்பரிமாணமாகிவிட, இரண்டும் பிரிந்துவிட்டன. ஆக 800இல் நிரல் 6.1ஐத் தொட்டால் கணக்கைச் சரியாகப் போட்டிருக்கிறது என்று பொருள். நிஜப் பாய்வைப் பிடித்துவிட்டது என்று பொருளில்லை. எந்த ஆணியோடு உரசினோம் என்று சொல்லியாக வேண்டும். ஆசாரியிடமும் ஆணி ஒன்றல்ல, மாற்றுக்கு ஒன்றாகக் கோத்து வைத்திருந்தார். அதனால் கணக்கோடு ஒப்பிட ‘கணக்காணி’, அளவீட்டோடு ஒப்பிட ‘சோதனையாணி’ என்று பிரித்துக்கொள்ளலாம். ‘உரைகல்’லில் இந்த வசதி இல்லை.

‘ஆணி’ என்றதும் ஐ.டி. நண்பர்கள் “எத்தனை பிடுங்கினீங்க?” என்று கேட்பார்கள், தெரியும். கேட்கட்டும். ‘ஆணித்தரமாக’ என்று நாம் தினமும் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறோம்.

சர்வேக்காரர்கள் கல்லில் செதுக்கும் பெஞ்ச்மார்க்குக்கு ‘மட்டக்குறி’ இருக்கட்டும். அதை இங்கே இழுக்க வேண்டாம்.

அப்புறம், விலகிய பாய்வு மறுபடி சுவரைத் தொடும் இடத்துக்கு வைத்திருக்கும் ‘மீளொட்டுப் புள்ளி’ என்ற சொல் பற்றி. பாய்வு எங்கேயும் ஒட்டவில்லையே! பாகூர் ஏரிக்குப் போகும் பங்காரு வாய்க்கால் மாதிரி ஒன்றில், குறுகிய மதகைத் தாண்டி அகலும் இடத்தில் நின்று பாருங்கள். கரையோரமாக ஒரு துரும்பைப் போட்டால் மதகைப் பார்த்துத் திரும்பி வரும். அதே கரையோரம் மதகிலிருந்து இன்னும் தள்ளிப் போட்டால் ஒழுங்காக முன்னே போகும். இரண்டுக்கும் நடுவே, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் துரும்பு தயங்கும் இடம் ஒன்று இருக்கும். அதற்குக் ‘கரைதொடு புள்ளி’ என்பது என் பரிந்துரை. குழாய்க்குள் கரை ஏது என்று புதுச்சேரி நண்பர் கேட்பார். ‘சுவர்தொடு’ என்றாலும் எனக்குச் சம்மதம்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் மறுப்பு வராவிட்டால் பெஞ்ச்மார்க்குக்கு ‘உரையாணி’யைக் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.