ஸ்கேனிங்: வருடலா, அலகிடலா, சாலோட்டலா?

அன்புடையீர்,

பள்ளிக் கண்காட்சிக்காகத் தொலைக்காட்சியின் தொடக்கக் கதையைப் பதாகைகளாக எழுதி வருகிறேன். திங்கட்கிழமை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். ஜெர்மானியர் பால் நிப்கோ 1884இல் காப்புரிமை கேட்ட வட்டத்தட்டில் துளைகள் சுருள் வடிவில் இருக்கும். தட்டு சுழலச் சுழல ஒவ்வொரு துளையும் காட்சியின் குறுக்கே ஒரு கோடு போகும். அடுத்த துளை அதையொட்டி இன்னொரு கோடு போகும். ஒரு சுற்றில் முழுக் காட்சியும் முடிந்துவிடும். இப்படிக் காட்சியைக் கோடு கோடாகக் கடந்து போகும் ஸ்கேனிங்குக்கு ‘வருடல்’ என்று எழுதினேன். “வருடுவது என்றால் தடவிக் கொடுப்பதுதானே டீச்சர்?” என்கிறார்கள் பிள்ளைகள். வேறு நல்ல சொல் உண்டா?

*

அம்மா, வணக்கம்.

‘அலகிடல்’ இருக்கிறதே! சீரை அசை பிரித்து நேர், நிரை பார்ப்பதை யாப்பில் அலகிடுதல் என்கிறோம். ஆங்கில ஸ்கேனும் முதலில் செய்யுளை அளக்க வந்த சொல்தான். இன்னொன்றும் உண்டு. அப்பர் தேவாரத்தில் கோயிலை அலகிட்டு மெழுகச் சொல்கிறார். அங்கே அலகிடுதல் என்றால் பெருக்குதல். பழைய தொலைக்காட்சியின் படக்குழாயில் மின்னணுக் கற்றை திரையைப் பெருக்கத்தானே செய்கிறது? அளத்தலும் பெருக்கலும் ஒரே சொல்லில் கிடைக்கும்போது தடவல் எதற்கு?

*

புலவர் ஐயா, பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அலகு என்றால் பறவையின் மூக்கு, இல்லாவிட்டால் மீட்டர், கிலோகிராம். தேவாரம் வரை போய்த்தான் பொருள் புரியும் என்றால் பதாகையை யார் படிப்பார்?

என் பரிந்துரை ‘சாலோட்டல்’. சால் என்றால் ஏர் உழுது போன கோடு. மின்னணுத் தொலைக்காட்சியை உருவாக்கிய ஃபிலோ ஃபார்ன்ஸ்வர்த் 14 வயதில் அமெரிக்காவின் ஐடஹோவில் வயல் உழும்போது, சால் சாலாகக் கிடந்த நிலத்தைப் பார்த்து, படத்தையும் இப்படி வரி வரியாகப் பிரித்து அனுப்பலாம் என்று எண்ணினார் என்பது கதை. பள்ளி ஆசிரியருக்கு அவர் வரைந்து காட்டிய படம், பின்னால் ஆர்.சி.ஏ. என்ற அமெரிக்க வானொலி நிறுவனத்துடன் நடந்த காப்புரிமை வழக்கில் அவருக்குக் கைகொடுத்தது. ஏர் பிடித்த நம் ஊர்க்காரர்களுக்கு ‘படைச்சால்’ புதிய சொல்லா?

*

சால் அழகான சொல்தான், ஆனால் பொருந்தவில்லை. ஏர் கோடியில் திரும்பி எதிர்த்திசையில் வரும். தொலைக்காட்சியில் ஒவ்வொரு வரியும் ஒரே பக்கத்திலிருந்து புதிதாகத் தொடங்கும். அதைவிட முக்கியம், 1927இல் சான் பிரான்சிஸ்கோவில் ஃபார்ன்ஸ்வர்த் ஒரு கோட்டின் படத்தை அனுப்பிக் காட்டிய கேமராக் குழாயில் துளை அசையவே இல்லை. மின்னணுப் பிம்பம் முழுவதையும் காந்தச் சுருள்கள் அந்தத் துளைக்கு முன்னால் அங்குமிங்கும் நகர்த்தின. அங்கே ஏர் நிற்கிறது, வயல்தான் நகர்கிறது. பிரிட்டனில் தொலைக்காட்சியை உருவாக்கிய ஜான் லோகி பெயர்டின் 30 வரி முறையிலோ வரிகள் செங்குத்தாக ஓடின.

எது நகர்ந்தால் என்ன, ஒன்று இன்னொன்றை ஒட்டிக் கடந்து போவதைச் சொல்ல ‘வருடல்’ போதும். கடைக்காரர்கூட ‘வருடி’ என்றால் ஸ்கேனர் என்று புரிந்துகொள்கிறார்.

*

எல்லோருக்கும் நன்றி. ‘வருடல்’ என்றே அச்சுக்குக் கொடுக்கிறேன். கோட்டுக்கு ‘வரி’ என்று வைத்துக்கொள்கிறேன். ஃபார்ன்ஸ்வர்த் பதாகையில் மட்டும் உழவுச் சால் பற்றி ஒரு வாக்கியம் இருக்கும்.

*

அம்மா, நேரம் இல்லாததால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வருடலில் அளத்தல் எங்கே இருக்கிறது? துளை வழியே வந்த வெளிச்சத்தை ஒளிமின்கலம் அளந்து மின்னோட்டமாக்காவிட்டால் நிப்கோ தட்டு வெறும் ஓட்டைத் தகடுதான். அடுத்த பதிப்பில் ‘அலகிடல்’ என்பதை அடைப்புக்குறிக்குள்ளாவது சேருங்கள்.